செஞ்சிக் கோட்டைக்குப் போவோம்

நமது ஊர் அல்சூர். பெங்களூரின் பழைய பகுதிகளில் ஒன்று. இங்கே ஓர் ஏரி இருக்கிறது. ஏரிக்கு அருகே சின்னக் கல் மண்டபம் ஒன்று உண்டு. அதைக் கெம்பேகவுடர் கோபுரம் என்பார்கள். பெங்களூரைச் சுற்றி இப்படி நான்கு கோபுரங்கள் உள்ளன.

கோபுரத்தைப் பார்த்திருப்பீர்கள். பெரிய கோட்டையைப் பார்த்திருக்கிறீர்களா? மூன்று மலைகளை ஒரே மதிலால் சுற்றி வளைத்த கோட்டை? மதிலுக்குள் ஓர் ஊரே இருந்த கோட்டை?

அதுதான் செஞ்சிக் கோட்டை.

செஞ்சி என்றதும் வீட்டில் உள்ள பெரியவர்களுக்கு ஒரு பெயர் நினைவுக்கு வரும். தேசிங்கு ராஜா! கூத்தில் பார்த்திருப்பார்கள். 1960இல் வந்த 'ராஜா தேசிங்கு' படத்தைப் பார்த்தவர்களும் இருப்பார்கள். அதில் எம்.ஜி.ஆர். நடித்தார்.

அல்சூரில் தமிழர்கள் பலர் வாழ்கிறார்கள். 1809இல் பெங்களூரில் ஆங்கிலேயர் தண்டு அமைத்தார்கள். அப்போது வேலை தேடி ஆர்க்காட்டுச் சீமையில் இருந்து பலர் வந்தார்கள். வரும்போது துணிமூட்டையை மட்டுமா கொண்டு வந்தார்கள்? கதைகளையும் கொண்டு வந்தார்கள். அவற்றில் ஒன்று தேசிங்கு கதை.

கதையைக் காதால் கேட்டோம். இப்போது நமக்குப் படிக்கத் தெரியும். கதை நடந்த இடத்தைப் போய்ப் பார்ப்போம். எது கதை, எது நடந்தது என்றும் தெரிந்துகொள்வோம்.

எப்படிப் போவது?

செஞ்சி தமிழ்நாட்டில் விழுப்புரம் மாவட்டத்தில் உள்ளது. பெங்களூரில் இருந்து பேருந்தில் கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை, செங்கம் வழியாகத் திருவண்ணாமலைக்குப் போகலாம். சுமார் 200 கிலோமீட்டர். அங்கிருந்து திண்டிவனம் போகும் பேருந்தில் ஏற வேண்டும். சுமார் 40 கிலோமீட்டர் போனால் செஞ்சி.

முதல் நாளே கிளம்பித் திருவண்ணாமலையில் தங்குவது நல்லது. மலை ஏறக் காலை நேரம்தான் ஏற்றது. வெயில் ஏறிவிட்டால் பாறை சுடும். பிற்பகலில் உச்சிக்கு ஏற விடமாட்டார்கள்.

குடிக்கத் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். தலைக்குத் துண்டு கட்டிக்கொள்ளுங்கள். தின்பண்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்காதீர்கள். அங்கே குரங்குகள் அதிகம். கண் மூடித் திறப்பதற்குள் பிடுங்கிக்கொண்டு போய்விடும்.

மூன்று மலை, ஒரு கோட்டை

செஞ்சியை நெருங்கும்போதே மலைகள் தெரியும். பெரிய பெரிய உருண்டைப் பாறைகளை யாரோ அடுக்கி வைத்ததுபோல இருக்கும்.

மலைகள் மூன்று. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி. நாம் வழியில் பார்த்த கிருஷ்ணகிரி ஊர் வேறு. இந்த மலை வேறு. பெயர்தான் ஒன்று.

மூன்று மலைகளையும் மதில் சேர்க்கிறது. மதிலின் நீளம் சுமார் 13 கிலோமீட்டர். சில இடங்களில் மதிலின் அகலம் 60 அடி. ஒரு மாட்டு வண்டி திரும்பவே அந்த அகலம் போதும்.

மூன்றில் உயரமானது ராஜகிரி. சுமார் 800 அடி உயரம். அதன் உச்சிதான் கடைசி அடைக்கலம். கீழே எல்லா வாசல்களும் விழுந்துவிட்டால் அரசன் மேலே போய்விடுவான். உச்சிக்குச் சற்று முன்னால் ஒரு பிளவு உண்டு. அகலம் 24 அடி. ஆழம் 60 அடி. அதன்மேல் ஒரு மரப்பாலம். பாலத்தை எடுத்துவிட்டால் எதிரி அந்தப் பக்கமே நிற்க வேண்டியதுதான்.

எவ்வளவு யோசித்துக் கட்டியிருக்கிறார்கள் பாருங்கள்!

மதிலுக்குள் ஓர் ஊர்

கோட்டை என்றால் சண்டை போடும் இடம் மட்டும் இல்லை. மனிதர்கள் வாழ்ந்த இடம். சோறு வேண்டும். தண்ணீர் வேண்டும். தூங்க இடம் வேண்டும். இவை எல்லாம் இங்கே இருந்தன. இன்றும் அவற்றின் மிச்சத்தைப் பார்க்கலாம்.

முதலில் கல்யாண மகால். அடுக்கடுக்காக எட்டு நிலைகளில் உயர்ந்து நிற்கும் கட்டடம். மேலே போகப் போகச் சிறுத்துக்கொண்டே போகும். சுடுமண் குழாய்கள் வழியாக இந்தக் கட்டடத்துக்குத் தண்ணீர் கொண்டு வந்தார்கள். அந்தக் காலத்திலேயே குழாய்த் தண்ணீர்!

அடுத்து நெற்களஞ்சியம். தடித்த சுவர். வளைந்த கூரை. உள்ளே போனால் குளுகுளு என்று இருக்கும். முற்றுகை மாதக்கணக்கில் நீண்டாலும் பட்டினி வராமல் காத்தவை இப்படிப்பட்ட களஞ்சியங்கள்தான்.

பிறகு குதிரை லாயங்கள், உடற்பயிற்சிக் கூடம், ஆனைக்குளம். யானைகளைக் குளிப்பாட்டிய குளம் அது. செட்டிகுளம், சக்கரக்குளம் என்று வேறு குளங்களும் உண்டு. மழைநீர் வீணாகாமல் இந்தக் குளங்களில் சேர்ந்தது. மலை உச்சியிலும் ஊற்று இருக்கிறது.

கீழே வெங்கடரமணர் கோயில் உண்டு. நாயக்கர் காலத்துக் கோயில். அதே கோட்டைக்குள் சாதத்துல்லாகான் பள்ளிவாசலும் உண்டு. ராஜகிரி ஏறும் வழியில் கமலக்கண்ணி அம்மன் கோயில். உச்சியில் ரங்கநாதர் கோயில்.

ஒரே மதிலுக்குள் இத்தனையும் இருந்தன.

யார் யார் ஆண்டார்கள்?

இந்தக் கோட்டையை ஒருவரே கட்டவில்லை. ஒரே காலத்தில் கட்டவும் இல்லை. முதலில் கோனார் குலத்து அரசர்கள் கட்டினார்கள் என்று சொல்வார்கள். பிறகு விஜயநகரப் பேரரசின் கீழ் நாயக்கர்கள் ஆண்டார்கள். அவர்கள் காலத்தில்தான் கோட்டை பெரிதாக வளர்ந்தது.

1649இல் பீஜப்பூர் சுல்தானின் படை பிடித்தது.

1677இல் மராட்டிய மன்னர் சிவாஜி பிடித்தார். மதில்களை மேலும் பலப்படுத்தினார். அது பின்னால் அவருடைய மகனுக்கு உதவியது. சிவாஜியின் மகன் ராஜாராம் 1689இல் மொகலாயர்களிடம் இருந்து தப்பிச் செஞ்சிக்கு வந்தார். மறு ஆண்டு ஔரங்கசீப்பின் தளபதி ஜுல்பிகார்கான் வந்து முற்றுகை இட்டார்.

முற்றுகை எத்தனை நாள் நீடித்தது தெரியுமா? நாள் கணக்கு இல்லை. எட்டு ஆண்டுகள்! மழை வந்தது. பஞ்சம் வந்தது. வெளியில் இருந்த மராட்டியக் குதிரைப் படை மொகலாயர்களுக்கு வரும் தானியத்தை வழிமறித்தது. 1698இல்தான் கோட்டை விழுந்தது. அதற்குள் ராஜாராம் தப்பிப் போய்விட்டார்.

இன்னொரு செய்தியையும் கேளுங்கள். 1750இல் பிரெஞ்சுக்காரர்கள் இதே கோட்டையைத் தாக்கினார்கள். புஸ்ஸி என்பவர் தலைமை தாங்கினார். எத்தனை நாளில் பிடித்தார்கள்? ஒரே இரவில்!

அதே மலை. அதே மதில். ஒரு முறை எட்டு ஆண்டு தாங்கியது. இன்னொரு முறை ஓர் இரவுகூடத் தாங்கவில்லை. இதில் இருந்து என்ன தெரிகிறது? கோட்டையைக் காப்பது கல் மட்டும் இல்லை. உள்ளே இருப்பவர்களின் ஒற்றுமையும் விழிப்பும்தான்.

1761இல் ஆங்கிலேயர் பிடித்தார்கள். காலப்போக்கில் போர்கள் ஓய்ந்துவிட்டன. செஞ்சியில் காவல் இல்லை. மக்களும் இல்லை. ஊர் பாழானது. முள் முளைத்தது. கூரைகள் சரிந்தன.

தேசிங்கு கதை

இப்போது தேசிங்கு கதைக்கு வருவோம். ஊரில் பாடுவது இப்படி:

தில்லியில் பாதுஷாவிடம் ஒரு முரட்டுக் குதிரை இருந்தது. யாராலும் அதில் ஏற முடியவில்லை. தேசிங்கின் அப்பாவாலும் முடியவில்லை. அவரைச் சிறையில் போட்டார்கள். சிறுவன் தேசிங்கு வந்தான். குதிரையில் தாவி ஏறினான். அடக்கினான். அப்பாவை மீட்டான். அந்தக் குதிரையும் அவனுக்கே கிடைத்தது. ராணிபாய் என்ற பெண்ணை அவனுக்கு மணம் முடித்தார்கள்.

தேசிங்கு செஞ்சிக்கு ராஜா ஆனான். ஆர்க்காட்டு நவாபு கப்பம் கேட்டார். "கொடுக்க மாட்டேன்" என்றான் தேசிங்கு. போர் மூண்டது.

தேசிங்குக்கு ஓர் உயிர்த்தோழன் இருந்தான். பெயர் மகபத்கான். பாட்டில் மோவுத்துக்காரன் என்று வரும். அன்று அவனுக்குக் கல்யாணம். மணப் பந்தலில் இருக்கும்போது தேசிங்கின் ஓலை வந்தது. படித்தான். மாலையைக் கழற்றி வைத்தான். குதிரை ஏறிப் புறப்பட்டுவிட்டான்.

தேசிங்கு ரங்கநாதரிடம் உத்தரவு கேட்டான். "இன்று போகாதே" என்று சாமி முகத்தைத் திருப்பிக்கொண்டதாம். செஞ்சிக்குப் பக்கத்தில் சிங்கவரம் என்ற ஊர் உண்டு. அங்கே குன்றைக் குடைந்து செய்த பல்லவர் காலத்துக் குகைக் கோயில் இருக்கிறது. அதில் பள்ளிகொண்ட ரங்கநாதரின் முகம் ஒரு பக்கமாகத் திரும்பி இருக்கும். அதைக் காட்டித்தான் ஊர்மக்கள் இந்தக் கதையைச் சொல்வார்கள்.

பிறகு தேசிங்கு மனைவியிடம் விடைபெறப் போனான். நடுவில் திரை தொங்கியது. திரைக்கு அந்தப் பக்கம் ராணிபாய். இந்தப் பக்கம் தேசிங்கு. வெற்றிலை வாங்கிக்கொண்டு புறப்பட்டான். திரும்பி வரவில்லை.

இந்த இடத்தில் கூத்துப் பார்ப்பவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

நடந்தது என்ன?

பாட்டு வேறு. வரலாறு வேறு. ஆனால் இரண்டுக்கும் உறவு உண்டு.

தேசிங்கு உண்மையாகவே வாழ்ந்தவர். அவருடைய பெயர் தேஜ் சிங். அதுவே மக்கள் வாயில் தேசிங்கு ஆனது. அவருடைய தந்தை சொரூப் சிங். வடக்கே புந்தேல்கண்டைச் சேர்ந்த ராஜபுத்திரர். செஞ்சியை மொகலாயர்கள் பிடித்த பிறகு, அவர்கள்தான் சொரூப் சிங்கைக் கோட்டைக்குத் தலைவர் ஆக்கினார்கள். ஆகவே, சிறையில் இருந்த அப்பாவைக் குதிரை ஏறி மீட்டது பாட்டில் வருவது.

சொரூப் சிங் 1714இல் இறந்தார். அவர் பல ஆண்டுகளாகக் கப்பம் கட்டவில்லை. பாக்கி நின்றது. மகன் தேஜ் சிங் பொறுப்புக்கு வந்தார். ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகான் பாக்கியைக் கேட்டார். தேஜ் சிங் மறுத்தார்.

நவாபிடம் பல ஆயிரம் வீரர்கள். தேஜ் சிங்கிடம் சில நூறு பேர்தான். மழைக்காலம். ஆற்றில் வெள்ளம். 1714 அக்டோபர் 3ஆம் நாள் போர் நடந்தது. மகபத்கான் அதில் இறந்தார். தேஜ் சிங்கும் குண்டுபட்டு இறந்தார்.

அப்போது அவருக்கு வயது 22. ஆண்டது சுமார் பத்து மாதம்.

அவருடைய உடலை நவாபு மரியாதையோடு எரியூட்டச் செய்தார். சக்கரக்குளத்தின் கரையில்தான் அது நடந்தது என்று சொல்வார்கள். அந்தச் சிதையில் அவருடைய இளம் மனைவியும் உயிரை விட்டார்.

அந்தப் பெண்ணின் நினைவாகத்தான் ராணிப்பேட்டை என்ற ஊருக்குப் பெயர் வந்தது என்பார்கள். பெங்களூரில் இருந்து சென்னைக்கு ரயிலில் போனால் வாலாஜா ரோடு நிலையம் வரும். அதற்குப் பக்கத்தில் உள்ளது ராணிப்பேட்டை. 2019இல் அது தனி மாவட்டத்தின் தலைநகர் ஆனது.

மூன்று எண்ணங்கள்

சக்கரக்குளத்தின் படியில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். மூன்று விஷயங்களை நினைத்துப் பாருங்கள்.

முதல் விஷயம். இது இந்துவுக்கும் முஸ்லிமுக்கும் நடந்த சண்டையா? இல்லை. இது கப்பத்துக்காக நடந்த சண்டை. தேசிங்கு இந்து. அவருக்காக உயிர் கொடுத்த தோழர் முஸ்லிம். அவருடைய தந்தைக்குக் கோட்டையைக் கொடுத்தவர்கள் மொகலாயர்கள். நவாபின் பக்கத்திலும் இந்து வீரர்கள் இருந்தார்கள். முந்நூறு ஆண்டுகளாக மக்கள் பாடுவது மதச் சண்டையை இல்லை. இரண்டு பேரின் நட்பைத்தான் பாடுகிறார்கள்.

இரண்டாவது விஷயம். சில நூறு பேரோடு பல ஆயிரம் பேரை எதிர்த்தது வீரமா, அவசரமா? பாட்டு வீரம் என்கிறது. கோட்டைக்குள் இருந்து பேச்சு நடத்தியிருந்தால் இத்தனை பேர் பிழைத்திருப்பார்களோ என்னவோ! அந்தச் சில நூறு பேருக்கும் வீடு இருந்தது. அம்மா இருந்தாள். அவர்கள் பெயரை யாரும் பாடவில்லை.

மூன்றாவது விஷயம். தேசிங்கின் மனைவி. பாட்டு அவளைப் புகழ்கிறது. கோயில் கட்டாத தெய்வம் என்கிறவர்களும் உண்டு. ஆனால் யோசியுங்கள். அவள் சின்னப் பெண். கணவன் போன பிறகு பெண் வாழக்கூடாது என்று ஊர் சொன்ன காலம் அது. உடன்கட்டை ஏறுவது பெருமை இல்லை, கொடுமை. ராஜாராம் மோகன் ராய் இதை எதிர்த்துப் பாடுபட்டார். 1829இல் அரசு சட்டம் போட்டுத் தடுத்தது. 1987இல் இன்னும் கடுமையான சட்டம் வந்தது. அதன்படி உடன்கட்டையைப் புகழ்ந்து கொண்டாடுவதும் குற்றம்.

அவளுக்காகக் கண்ணீர் விடலாம். அதைச் சரி என்று சொல்லக் கூடாது.

இது நம் சொத்து

பாழான கோட்டையை 1921 முதல் தொல்பொருள் ஆய்வுத் துறை பாதுகாத்து வருகிறது. 2025 ஜூலையில் இன்னொரு பெருமை வந்தது. யுனெஸ்கோ என்பது ஐக்கிய நாடுகள் சபையின் ஓர் அமைப்பு. அது மராட்டியர்களின் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அவற்றில் 11 கோட்டைகள் மகாராஷ்டிரத்தில் உள்ளன. மீதி ஒன்று நமது செஞ்சி.

தாஜ்மகாலைப் போல, மாமல்லபுரத்தைப் போல, செஞ்சியும் இப்போது உலகத்துக்கே சொந்தம்.

ஆனால் ஒரு வருத்தம். கோட்டையைப் பீரங்கி உடைத்தது பழைய கதை. பிரெஞ்சுக்காரர்கள் வெங்கடரமணர் கோயில் தூண்களைப் பெயர்த்துப் புதுச்சேரிக்குக் கொண்டு போனார்கள். அதுவும் பழைய கதை. இன்று சேதம் செய்கிறவர்கள் யார்? பார்க்க வருகிற நம்மில் சிலர்தான்.

பழைய சுவர்களில் எத்தனை பெயர்கள்! ஆணியால் கீறியவை. கரியால் எழுதியவை. நடுவில் இதயம், அதில் அம்பு. காதல் கதை கேட்டு வந்தவர்கள் தங்கள் காதலையும் எழுதிவிட்டுப் போகிறார்கள்.

கல்லில் கீறிய கீறல் ஆறாது. 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி இது குற்றம். 2010இல் சட்டத்தைத் திருத்தித் தண்டனையைக் கூட்டினார்கள். இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். இரண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம்.

நமக்கு ஓர் ஆசை இருக்கும். இப்போதுதான் எழுதக் கற்றிருக்கிறோம். சொந்தப் பெயரைத் தானே எழுதும்போது வரும் மகிழ்ச்சி பெரிய மகிழ்ச்சி. பார்க்கும் இடத்தில் எல்லாம் எழுதத் தோன்றும். தவறு இல்லை. ஆனால் எழுத வேண்டிய இடம் சுவர் இல்லை.

ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துப் போங்கள். ராஜகிரி ஏறுங்கள். மூச்சு வாங்கும் இடத்தில் எல்லாம் நின்று நின்று ஏறுங்கள். உச்சிக்குப் போனால் காற்று வீசும். கீழே வயல்கள் பச்சையாகத் தெரியும். மதில் பாம்புபோல வளைந்து போவது தெரியும். எட்டு ஆண்டு காவல் காத்தவர்கள் பார்த்த அதே வெளி. தேசிங்கு கடைசியாகக் குதிரையில் போன அதே வெளி.

அங்கே ஒரு நிழலில் உட்கார்ந்து நோட்டைத் திறங்கள். தேதியை எழுதுங்கள். உங்கள் பெயரை எழுதுங்கள். பார்த்ததை இரண்டு வரி எழுதுங்கள்.

தேசிங்கு கதையை முதலில் பாடியவர் யார் என்று எழுதி வைத்திருந்தால் நாம் இன்று அவருக்கு நன்றி சொல்லியிருப்போம். நீங்கள் எழுதுவதை உங்கள் பேரப்பிள்ளை ஒரு நாள் படிக்கும்.

சிந்திப்போம், எழுதுவோம்

1. செஞ்சிக் கோட்டையில் உள்ள மூன்று மலைகளின் பெயர் என்ன?

2. எட்டு ஆண்டு தாங்கிய கோட்டை பின்னர் ஒரே இரவில் விழுந்தது. ஏன் இருக்கும்?

3. தேசிங்கு கதையில் பாட்டில் மட்டும் வருவது எது? உண்மையில் நடந்தது எது? இரண்டு இரண்டு எழுதுங்கள்.

4. உங்கள் வீட்டுப் பெரியவர்களின் சொந்த ஊர் எது? அந்த ஊரைப் பற்றிய பழைய கதை ஒன்றைக் கேட்டு எழுதுங்கள்.